விந்தணுவின் மேல்தோல்

செமன் டெஸ்ட்டுக்கு வரும் ஆண்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். "கவுண்ட் எவ்வளவு மேடம்?" ஒரு எண்ணைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும், இல்லையென்றால் சுண்டிப்போகும். ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே இருக்கும் வரிகளைப் படிக்கிறவர்கள் குறைவு. என் பிழைப்பு அந்தக் கீழ்வரிகளில்தான் இருக்கிறது: எத்தனை நகர்கின்றன, எப்படி நகர்கின்றன, தலை என்ன வடிவம், உயிர் இருக்கிறதா.

திருநெல்வேலியில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆண்ட்ராலஜி லேபில் வேலை பார்க்கிறேன். இந்த வேலையில் ஒரு பெண் இருப்பதை ஆண்கள் எதிர்பார்ப்பதில்லை. கப்பை வாங்கக் கை நீட்டினால் சிலர் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாற்பது தாண்டியவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருக்கும் குழந்தைப் படத்திடம் பேசுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. கப்பில் பெயரும் நேரமும் எழுதியிருக்கிறதா, சிந்தாமல் முழுசும் வந்திருக்கிறதா, கடைசியாக உறவு வைத்து 2 நாளுக்கு மேலும் 7 நாளுக்குள்ளும் ஆகியிருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். சாம்பிள் நீர்த்துப்போக அரை மணி நேரம் ஆகும். அதுவரை அது 37 டிகிரி வார்மரில் இருக்கும், நான் அடுத்த கப்பைப் பார்ப்பேன்.

வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: விந்தணுவுக்கு அடுப்படி கிடையாது. மற்ற செல்கள் தங்களுக்கு வேண்டிய புரதத்தையும் கொழுப்பையும் தாங்களே செய்துகொள்ளும். விந்தணு முதிரும்போது தன் செல் திரவத்தில் பெரும்பகுதியை உதறிவிட்டு, தலையில் மரபுப் பொருளையும் கழுத்தில் மைட்டோகாண்ட்ரியாவையும் பின்னால் வாலையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. தலையின் நீளம் 4, 5 மைக்ரான், வால் அதைப்போலப் பத்து மடங்கு. இவ்வளவையும் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் போர்த்தியிருக்கிறது. விரைக்குள் உருவாகும்போதும், எபிடிடிமிஸ் குழாயில் ஊர்ந்து வரும்போதும் சேர்ந்த கொழுப்புதான் கடைசிவரைக்கும். வழியில் கிழிந்தால் தைத்துக்கொள்ள வழியில்லை.

அந்தப் படலத்தை நேரடியாகப் பார்க்க முடியாது, ஆனால் சோதிக்க முடியும். ஹெச்ஓஎஸ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. 1984இல் ஜெயேந்திரன் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்டது. ஆங்கிலப் பெயர்களே நிறைந்த பாடத்தில் அந்தப் பெயர் வரும் இடத்தில் சீனியர் குரல் கொஞ்சம் உயரும். 100 மில்லி தண்ணீரில் 0.735 கிராம் சோடியம் சிட்ரேட், 1.351 கிராம் ஃப்ரக்டோஸ். உடம்பின் திரவங்களைவிட இது நீர்த்த கரைசல். இதில் விந்தணுவைப் போட்டு 37 டிகிரியில் அரை மணி வைத்தால், படலம் நல்லபடியாக இருக்கும் விந்தணுவுக்குள் தண்ணீர் புகுந்து வால் சுருண்டு வீங்கும். படலம் கிழிந்தது வீங்காது, நீட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு விந்தணுகூட அசையாத சாம்பிளில் உயிருள்ளதைச் சாயம் போடாமல் கண்டுபிடிக்க எங்களுக்கு இந்தச் சுருள்வால்தான் துணை. அதிலிருந்து ஒன்றை எடுத்து இக்ஸி ஊசியில், அதாவது ஒரே விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் ஊசியில் ஏற்றலாம்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், ஐஸ் பிளான்ட்டில் வேலை. வீட்டில் சேகரித்த சாம்பிளைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, நடுவில் கப்பைப் புதைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். மீன் கெடாமல் வருவதற்குச் செய்வதைத்தான் செய்தார், பாவம். ஸ்லைடில் பாதிக்கு மேல் அசைவில்லை. திடீரென்று குளிர வைத்தால் படலத்தின் கொழுப்பு இறுகி ஒழுக ஆரம்பிக்கும். ஆட்டுக்கிடா, காளை விந்தாக இருந்தால் இன்னும் மோசமாகப் போயிருக்கும். மனித விந்தணுவின் படலத்தில் கொலஸ்ட்ரால் விகிதம் அவற்றைவிட அதிகம், அதனால் கொஞ்சம் தாங்கும். "அடுத்த தடவை சட்டைக்குள்ள, வயிற்றோட ஒட்டி வச்சுக் கொண்டு வாங்க அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துரணும்" என்று சொல்லி அனுப்பினேன். "மனுசச் சூடு போதுமா?" என்று கேட்டார். போதும்.

கொலஸ்ட்ரால் படலத்தை இறுக்கிப் பிடிக்கும், இளக்கி வைப்பது வேறு ஒன்று: டிஎச்ஏ. 22 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலம், அதில் 6 இரட்டைப் பிணைப்புகள். ஒவ்வொரு பிணைப்பிலும் சங்கிலி வளைவதால் நெருக்கமாக அடுக்க முடியாது, படலம் நெகிழ்ந்தே இருக்கும். மூளை, விழித்திரை, விந்தணு ஆகிய மூன்றிலும் இது குவிந்துகிடக்கிறது. வால் அடிக்க இந்த நெகிழ்வு வேண்டும், கருமுட்டையைத் தொடும்போது தலையின் தொப்பியான அக்ரோசோம் வெடித்துத் திறக்கவும் வேண்டும்.

டிஎச்ஏவை மீன் சாப்பிட்டுப் பெறலாம். இல்லையென்றால் உடம்பே ஆளிவிதை, வால்நட் போன்றவற்றில் இருக்கும் சின்ன ஒமேகா-3 அமிலத்தைப் படிப்படியாக நீட்டி வளைத்துச் செய்துகொள்ளும். அந்த வேலையின் முதல் படியில் நிற்பது எஃப்ஏடிஎஸ்2 என்ற மரபணு. 11ஆவது குரோமோசோமில், எஃப்ஏடிஎஸ்1, எஃப்ஏடிஎஸ்3 என்ற உடன்பிறப்புகளோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. இது செய்யும் என்சைமுக்கு டெல்டா-6 டீசாச்சுரேஸ் என்று பெயர். சங்கிலியில் குறிப்பிட்ட இடத்தில் இரண்டு ஹைட்ரஜனை உருவி அங்கே ஒரு இரட்டைப் பிணைப்பைப் போடுவது அதன் வேலை. முதல் படியோடு முடியவில்லை. சங்கிலி 24 கார்பன் வரை நீண்ட பிறகு மறுபடியும் அதே என்சைம் வந்து இன்னொரு பிணைப்பைப் போட, பெராக்ஸிசோமில் இரண்டு கார்பன் நறுக்கப்பட்டு டிஎச்ஏ ஆகிறது. இதே என்சைமைத்தான் ஒமேகா-6 அமிலமும் நம்பியிருக்கிறது. நம் வீடுகளில் ஓடும் சூரியகாந்தி எண்ணெயில் ஒமேகா-6தான் மிகுதி. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒமேகா-3 கிடையாது என்றே சொல்லலாம். வரிசையில் ஒமேகா-6 முண்டியடித்தால் ஒமேகா-3க்கு இடம் குறையும்.

எலியில் இந்த மரபணுவை அழித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு 2009, 2010இல் வெளியிட்ட கட்டுரைகளை எங்கள் எம்ப்ரியாலஜிஸ்ட் அச்செடுத்து லேபில் வைத்திருந்தார். எஃப்ஏடிஎஸ்2 இல்லாத ஆண் எலிகளுக்கு விந்தணு குறைவு, அக்ரோசோம் கிடையாது, தலை உருண்டை, குட்டி இல்லை. தீவனத்தில் டிஎச்ஏ சேர்த்ததும் எண்ணிக்கையும் வடிவமும் திரும்பின, குட்டியும் பிறந்தது. ஒரு மரபணு செய்யத் தவறியதைத் தட்டில் வைத்தே கொடுத்துவிடலாம் என்பது, எங்கள் துறையில் அடிக்கடி கேட்காத நல்ல செய்தி.

மெடிக்கல் ரெப்கள் இதை விடுவார்களா? ஒமேகா-3 மாத்திரைப் பெட்டியோடு வந்து எலிப் படத்தைக் காட்டுவார்கள். மனிதர்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். கனடாவில் 2000இல் வந்த ஒரு ஆய்வில், விந்தணு வேகம் குறைந்த ஆண்களுக்கு 3 மாதம் தினமும் 400 அல்லது 800 மில்லிகிராம் டிஎச்ஏ கொடுத்தார்கள். இரத்தத்தில் அளவு ஏறியது. விந்தணுவுக்குள் ஏறவில்லை, வேகமும் கூடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது, ரெப்களுக்குப் பிடிக்காதது. இரத்தத்துக்கும் விரைக்கும் நடுவே ஒரு வேலி இருக்கிறது. வேலிக்கு அந்தப்பக்கம் செர்டோலி செல்கள் தமக்கு வேண்டிய கொழுப்பைத் தாமே செய்தும் தேர்ந்தெடுத்தும் வளரும் விந்தணுவுக்கு ஊட்டுகின்றன. வாயில் போட்டது நேராக வாலுக்குப் போய்ச் சேரும் என்று நினைப்பது கடைக்காரர்களின் உடற்கூறு.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் சொல்ல வேண்டும். 2012இல் கலிஃபோர்னியாவில் ஆரோக்கியமான 117 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் தினமும் 75 கிராம் வால்நட் கொடுத்தார்கள். அவர்களுடைய விந்தணுக்களின் உயிர்ப்பும் அசைவும் வடிவமும் கொஞ்சம் மேம்பட்டன. பணம் கொடுத்தது வால்நட் விளைவிப்பவர்களின் அமைப்பு. பங்கேற்றவர்கள் குழந்தையில்லாமல் தவித்தவர்களும் இல்லை. டென்மார்க்கில் 2020இல் 1679 இளைஞர்களைப் பார்த்ததில் மீன் எண்ணெய் மாத்திரை எடுப்பவர்களுக்கு எண்ணிக்கையும் விரை அளவும் சற்று அதிகமாக இருந்தன. மாத்திரை எடுப்பவர் உடம்பைக் கவனித்துக்கொள்கிறவராகவும் இருப்பார் என்பதைக் கழித்துவிட்டுத்தான் அதைப் படிக்க வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்து வைத்து மீன் சாப்பிடுகிறவர்களை நான் தடுப்பதில்லை, மத்திச் சாளை மலிவாகக் கிடைக்கிற ஊரில் தடுக்கவும் கூடாது. மாதம் இரண்டாயிரம் ரூபாய் மாத்திரைக்குக் கடன் வாங்குகிறவர்களிடம் மட்டும் உட்கார்ந்து பேசுவேன்.

அப்படிப் பேசியதில் ஒரு அம்மா நினைவிருக்கிறார். சைவக் குடும்பம். மகனோடு வந்திருந்தார். டாக்டர் சீட்டில் இருந்த மீன் எண்ணெய் மாத்திரையைக் காட்டி, "எங்க வீட்டுல முட்டைகூட வாசப்படி தாண்டுனதில்ல தாயி, நாங்க சைவம்லா. மீனைத் திங்காததுனாலதான் எம் மவனுக்கு இப்படியா?" என்று கேட்டார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதனால் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். தலைமுறை தலைமுறையாகச் சைவம் சாப்பிட்டவர்கள் பிள்ளை பெறாமலா இருந்தார்கள்? இந்த மரபணுவிலேயே அதற்கு ஒரு தடயம் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகக் குழு புனேக்காரர்களோடு சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. எஃப்ஏடிஎஸ்2க்குள் 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இருந்தால் தாவர உணவிலிருந்து நீண்ட சங்கிலி அமிலங்களைச் செய்யும் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். புனேயில் பார்த்தவர்களில் 68 சதவீதம் பேருக்கு அம்மா வழி, அப்பா வழி இரண்டு பிரதியிலும் இந்தத் துண்டு இருந்தது. அமெரிக்கர்களில் 18 சதவீதம். கிரீன்லாந்தின் இன்யூட் மக்கள் கடல் கொழுப்பையே தின்று வாழ்ந்தவர்கள். அவர்களிடம் இதே மரபணுக் கூட்டம் எதிர்த்திசையில், செய்யும் வேலை குறையும்படி மாறியிருப்பதை 2015இல் காட்டினார்கள். சாப்பாட்டில் வராததை உடம்பு செய்துகொள்ளும், வந்து குவிவதைச் செய்யாமல் விடும். அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உங்க உடம்பு பருப்புலயும் கீரையிலயும் இருந்தே அதைச் செஞ்சுக்கத் தெரிஞ்ச உடம்பு" என்றேன். வேண்டுமென்றால் பாசியிலிருந்து எடுக்கும் டிஎச்ஏ இருக்கிறது, மீனுக்கே அது பாசியிலிருந்துதான் வருகிறது என்றும் சொன்னேன். பாசி அவருக்குச் சம்மதம்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மகனின் விந்தை உறையவைக்க வேண்டியிருந்தது, நாங்கள் அப்போது பயன்படுத்திய உறைதிரவத்தில் முட்டை மஞ்சள் கரு இருந்தது. காளை விந்துக்கு அது பாதுகாப்பு என்று 1939லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மஞ்சள் கருவின் கொழுப்புப் புரதங்கள் குளிரில் படலம் கிழியாமல் காக்கின்றன. கிளிசரால் சேர்க்கும் முறை 1949இல் இங்கிலாந்தில் வந்தது, அதுவும் ஃப்ரக்டோஸ் என்று நினைத்து லேபிள் மாறிய புட்டியை எடுத்ததால் வந்தது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லி மகிழும் கதை. ஒப்புதல் படிவத்தில் முட்டை பற்றிய வரி இருந்தது, மகன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். வீட்டில் சொன்னானா என்பது அவன் பாடு.

இனி உருண்டைத் தலை. சாதாரண ஸ்லைடிலும் பத்தில் ஒன்பது விந்தணுவுக்கு ஏதாவது குறை இருக்கும். நல்ல வடிவம் 4 சதவீதம் இருந்தாலே போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் ஒரு நாள் வேறொருவருக்காகச் சாயம் போட்டு வைத்த ஸ்லைடில், நகர்த்திய இடமெல்லாம் ஒரே மாதிரி உருண்டை, ஒன்றில்கூடத் தொப்பி இல்லை. கவுண்ட் நன்றாக இருந்தது, ஓட்டமும் மோசமில்லை. வெளியில் கவுண்ட் கேட்டு நல்ல பதில் வாங்கிப் பல வருடம் காத்திருந்தவர் அவர். வேறு லேப்களின் ரிப்போர்ட்டுகளில் வடிவத்துக்கு நேரே வழக்கமான ஒரு எண் மட்டும் போட்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமா மகள். அண்ணனுக்கும் குழந்தை இல்லை.

எலிக் கட்டுரையின் படம் உடனே கண்ணில் வந்தது. அதே உருண்டை, அதே மொட்டைத் தலை. டிஎச்ஏ கொடுத்தால் சரியாகிவிடுமோ என்ற ஆசையும் வந்தது. ஆனால் மனிதரில் இந்தக் கோலத்துக்குப் பெரும்பாலும் காரணம் கொழுப்புச் செய்யும் மரபணு இல்லை. 12ஆவது குரோமோசோமில் டிபிஒய்19எல்2 என்று ஒன்று இருக்கிறது. அக்ரோசோமை உட்கருவின் மேல் ஒட்டி நிறுத்தும் புரதம் அதனுடையது. இப்படிப்பட்ட ஆண்களிடம் அந்த மரபணு மொத்தமாக நீங்கிப் போயிருப்பதை 2011இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டின, பார்த்ததில் பலரும் சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகள். ஒட்டுகிற ஆணி இல்லாத இடத்தில் எவ்வளவு கொழுப்பு ஊற்றியும் பயனில்லை. டாக்டரிடம் ஸ்லைடைக் காட்டினேன், மரபணு சோதனைக்கு அனுப்பினார், அதேதான் வந்தது. இவர்களுக்கு இக்ஸி செய்தாலும் பெரும்பாலும் முட்டை விழித்துக்கொள்ளாது, ஏனென்றால் முட்டைக்குள் கால்சியம் அலைகளைக் கிளப்பும் பிஎல்சி-ஸீட்டா என்ற புரதமும் தொப்பியோடு சேர்ந்து தொலைந்திருக்கும். அந்தப் புரதம் வேலை செய்வதும் முட்டையின் ஒரு கொழுப்பை வெட்டித்தான். அதனால் ஊசி போட்ட பிறகு முட்டையைக் கால்சியம் அயனோஃபோரில் நனைத்து எழுப்பினார்கள். அண்ணனையும் வரச்சொன்னோம். கடைசிவரை வரவில்லை.

எலியும் மனிதனும் வேறு என்பதற்கு எங்கள் துறையில் இன்னும் அப்பட்டமான சாட்சி ஒன்று இருக்கிறது. காஷே என்ற கொழுப்புத் தேக்க நோய்க்குத் தரும் மிக்லுஸ்டாட் மருந்தை எலிக்குக் கொடுத்தபோது தலை சிதைந்து, அக்ரோசோம் போய், மலட்டுத்தன்மை வந்தது. மருந்தை நிறுத்தியதும் சரியானது. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் 2002இல் இதை வெளியிட்டதும், ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை வந்தேவிட்டது என்று பலரும் நம்பினார்கள். சியாட்டிலில் சில ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2007இல் எழுதினார்கள்: விந்தணுவில் ஒரு மாற்றமும் இல்லை. டிஎச்ஏ விஷயத்திலும் எலி, மனிதர் கணக்கு ஒன்றில்லை. எலி, சுண்டெலியின் விரைகளில் 22 கார்பன் ஒமேகா-6 அமிலம்தான் நிறைந்திருக்கிறது, மனித விந்தணுவில் டிஎச்ஏ.

எங்கள் கையில் நேரடியாக இருப்பது வேறு ஒன்று. இரட்டைப் பிணைப்பு அதிகமுள்ள கொழுப்பு எளிதில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும், திறந்து வைத்த கடலை எண்ணெய் காறிப்போவது இதனால்தான். வால் அடிக்க நெகிழ்வு தருகிற அதே டிஎச்ஏதான் விந்தணுவில் முதலில் காறுவதும். ஆக்சிஜன் அதிகமுள்ள இடத்தில் மனித விந்தணு அசைவை இழப்பதை 1943இலேயே நியூயார்க்கில் மக்லியாட் எழுதிவிட்டார், படலத்தின் கொழுப்பு காறுவதால் என்பதை 1979இல் காட்டினார்கள். விந்துத் திரவத்தில் இதைத் தடுக்கும் பொருள்கள் ஏராளம். விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐக்காக நாங்கள் கழுவும்போது அந்தத் திரவத்தைத்தான் கொட்டிவிடுகிறோம். எனவே கழுவுகிற கை மெதுவாக இருக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் சாம்பிளை அப்படியே வேகமாகச் சுற்றி அடியில் கெட்டியாக்கும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. சீழ் செல்லும் செத்த விந்தணுவும் நல்லதோடு சேர்ந்து நசுங்கி, ஆக்சிஜன் வெடிப்பை அங்கேயே உண்டாக்கும். இப்போது கிரேடியன்ட் மேல் ஊற்றி 300 ஜி வேகத்தில் 15, 20 நிமிடம். செத்ததும் சீழும் மேலேயே நிற்கும், நல்லது அடியில் வந்து சேரும். புதிதாக வரும் பெண்கள் நேரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் கூட்டப் பார்ப்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் குரலை உயர்த்துவேன்.

காறல் என்று தெரிந்ததும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை விற்பனை சூடு பிடித்தது. அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து செய்து 2020இல் வெளியிட்ட மாக்ஸி ஆய்வில் வைட்டமின் சி, இ, செலினியம் எல்லாம் கலந்து கொடுத்தும் விந்தணுவும் மேம்படவில்லை, கர்ப்பமும் கூடவில்லை. புகையிலையை விடச்சொன்னால் மாத்திரை இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு இதை நான் நிதானமாகச் சொல்வேன்.

எங்கள் சீட்டில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: என்ன மாத்திரை, என்ன லேகியம், எந்தத் தேதியிலிருந்து. ஒரு விந்தணு உருவாக 74 நாள், குழாயில் முதிர்ந்து வர இன்னும் சில நாள். இந்த மாதம் கப்பில் வருவது மூன்று மாதத்துக்கு முன்னால் போர்த்திக்கொண்ட படலம். போன வாரம் மாத்திரை ஆரம்பித்துவிட்டு இந்த வாரம் டெஸ்ட்டுக்கு வருகிறவரிடம், காசு கட்டுவதற்கு முன்பே தேதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். காய்ச்சல் வந்து போனவருக்கும் அதே கணக்குதான். சிலர் கோபப்பட்டு வேறு லேபுக்குப் போவார்கள். அங்கே கவுண்ட் சொல்லிவிடுவார்கள்.